எலுமிச்சை என்று ஒட்டிய பாட்டில்

பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம். உங்கள் நலத்தை, நீங்கள் உங்கள் மகளிடம் போனில் சொல்லும் 'வெயில் பரவாயில்லை' என்ற ஒரே செய்தியிலிருந்து ஊகித்துக்கொள்கிறோம். போன் என் கைக்கு வந்ததும் லைன் கட்டாகிவிடுகிறது. தொலைபேசி நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

சென்ற மாதம் நடந்ததை, காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிடுகிறவன் என்ற முறையில், யார்மீதும் பழி போடாமல் பதிவு செய்கிறேன். நாங்கள் இருவரும் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தோம். திரும்புவதற்குள் ஓர் உதவி செய்துவைப்போம் என்று நீங்கள் பாத்ரூமை பிளீச் ஊற்றிக் கழுவினீர்கள். பாத்ரூம் வெளுத்தது. உள்ளே நுழைந்த உங்கள் மகளும் வெளுத்தாள். மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வயிற்றுப் பிள்ளையோடு அவளைத் தாங்கிக்கொண்டு அதே டாக்டரிடம் ஓடினேன். அவர், "இப்பதானே போனீங்க?" என்றார்.

வீடு திரும்பியதும் நான் சொன்ன வாக்கியம் இது: "ஒண்ணு அந்த பாட்டில் வெளிய போகணும், இல்லைன்னா நான் போறேன்." இரண்டு வழிகள்தான் கொடுத்திருந்தேன். நீங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தீர்கள்.

போகட்டும். அன்றிலிருந்து கடை பாட்டில் எதுவும் இந்த வீட்டுப்படி ஏறுவதில்லை. எல்லாவற்றையும் நானே தயாரிக்கிறேன். வினிகர், சமையல் சோடா, நறுமண எண்ணெய் என்று சமையலறையில் ஒரு பாதி எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. முதல் தயாரிப்பில் வினிகரையும் சோடாவையும் பாட்டிலில் ஊற்றினேன். அருமையாக நுரைத்தது. அந்த வீரியம் வீணாகக்கூடாது என்று மூடியை இறுக்கினேன். சாப்பிட உட்கார்ந்தபோது மூடி கூரையைத் தொட்டு வந்தது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "சார், ஏதாவது உதவி வேணுமா, இல்ல போலீஸ் வேணுமா?" என்று கேட்டார்.

ஜூனில் பிள்ளை பிறக்கிறது. உங்கள் மகள் தினமும் ஒரு தடவை உங்களைக் கேட்கிறாள். என்னிடம் கேட்பதுபோலக் கேட்பதில்லை. சுவரைப் பார்த்துக் கேட்கிறாள். வாருங்கள்.

உங்கள் மருமகன்

•

பிப்ரவரி 18

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பொருள்: தங்கள் 9-ஆம் தேதிக் கடிதம், பாட்டில் வெடித்தது, சுத்தம் – தொடர்பாக.

கடிதம் கிடைத்தது. பாட்டில் வெளியே போகவேண்டும் என்றீர்கள். அதற்குக் கால் கிடையாது. நான் எடுத்துக்கொண்டு போனேன். இதில் கோபம் எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை. ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். மூடி சரியில்லாமல் கொஞ்சம் கசிந்தது. எதிரே இருந்த குடும்பம் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டது. வசதியாகக் காலை நீட்டிக்கொண்டேன்.

வெடிப்பு பற்றி: வினிகர் அமிலம், சோடா காரம். இரண்டும் சண்டை போட்டு ஓய்ந்தபின் மிஞ்சுவது உப்புத் தண்ணீர். நுரையைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நினைப்பது, அலுவலகத்தில் கத்துகிறவனைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நினைப்பதைப் போன்றது. இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். வினிகரும் பிளீச்சும் ஒரு வாளியில் சேரக்கூடாது. சேர்ந்தால் வரும் புகை ஆளைக் கொல்லும். இதை மட்டும் சிரிக்காமல் படிக்கவும்.

பெரிய மருத்துவமனையில் சுகாதார மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு வார்டு சுத்தமா என்று குனிந்து பார்த்தது கிடையாது. வாசலில் நின்று ஒரு மூச்சு இழுப்பேன். பினாயில் வாசனை வராவிட்டால், "இன்னொரு மூடி ஊத்துப்பா" என்பேன். கடைசி வருஷங்களில் ஊழியர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள். எவ்வளவு ஊற்றச் சொன்னாலும் வாசனையே வராது. "சார், கண்ணு எரியுது சார்" என்று சாக்குச் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். போன வாரம் கதவை உடைக்கிற மாதிரி தட்டி, "சார், கேஸ் வாசனை தெருவரைக்கும் வருது" என்றார். அடுப்புக் குமிழ் லேசாகத் திறந்திருந்தது உண்மைதான். அதற்கு இவ்வளவு கூச்சல் தேவையில்லை. வேலை இல்லாத சிலருக்கு மூக்கு வளர்ந்துவிடுகிறது.

அழைத்ததற்கு நன்றி. பூச்செடியைப் பிழிந்து தரை துடைக்கும் வீட்டில் என்னால் செருப்பைக் கழற்ற இயலாது. பாப்பாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
மாமனார்

•

மார்ச் 5

அன்புள்ள மாமாவுக்கு,

உப்புத் தண்ணீர் பற்றிய குறிப்புக்கு நன்றி. நான் அந்த உப்புத் தண்ணீரில்தான் இரண்டு வாரம் வீடு துடைத்துக்கொண்டிருந்தேன் என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லவில்லை. வீடு சுத்தமாகத்தான் இருந்தது. துடைக்கும்போது தேய்ப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இப்போது சந்தேகிக்கிறேன்.

அதன்பின் நடந்தவை.

நறுமண எண்ணெயைத் தண்ணீரில் விட்டால் கலக்காது, மேலேயே நிற்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கும், அந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டியிருப்பேன். விளைவு, ஸ்ப்ரே பாட்டிலின் குழாய் அடியிலிருந்து உறிஞ்ச, முதல் முக்கால்வாசி வெறும் தண்ணீராகவும் கடைசிக் கால்வாசி வெறும் எண்ணெயாகவும் வெளிவந்தது. அந்தக் கடைசிக் கால்வாசி, ஹாலில் மாடி வீட்டுக்காரர் காலடியில் போய் முடிந்தது. அவர் விழவில்லை. விழாமல் இருக்க அவர் செய்தவற்றை நான் நடனம் என்றே சொல்வேன்.

சமையல் மேடையில் எலுமிச்சைச் சாறும் வினிகரும் சேர்த்துத் தேய்த்தேன். கறை போய்விட்டது. மேடையின் பளபளப்பும் கூடவே போய்விட்டது. மார்பிளுக்குப் புளிப்பு ஆகாதாம். வீட்டு ஓனர் வந்து, தடவித் தடவிப் பார்த்து, "புதுசா போட்டது மாதிரி இருந்துச்சே தம்பி" என்றார். இறந்தகாலத்தில் சொன்னார்.

லாவெண்டர் விஷயம்தான் வருத்தமானது. இயற்கை, மென்மை என்று நான்கு சொட்டு விட்டுப் படுக்கையறையைத் துடைத்தேன். உங்கள் மகளுக்கு மறுபடி இழுத்தது. இந்த முறை லேசாகத்தான். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "இயற்கைங்கிறது பாட்டில்காரனுக்குத் தெரியும் சார், நுரையீரலுக்குத் தெரியாது. எந்த வாசனையும் வேண்டாம்." பிளீச்சைத் துரத்திவிட்டு அதன் நாற்காலியில் லாவெண்டரை உட்காரவைத்திருக்கிறேன். உங்களை அன்று பேசியதில் பாதியை எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டேன்.

இப்போதைய தயாரிப்பில் ஒரு பாட்டில் தனியாக அனுப்புகிறேன். நீங்கள் இதை ஆயுள் முழுதும் செய்தவர். சோதித்துப் பார்த்துக் குறை சொல்லுங்கள். உங்கள் மகள்தான் பார்சல் கட்டினாள். உள்ளே அவள் கையெழுத்தில் ஏதோ வைத்திருக்கிறாள், நான் படிக்கவில்லை.

உங்கள் மருமகன்

•

மார்ச் 16

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பொருள்: பாட்டில் சோதனை – அறிக்கை.

பார்சல் கிடைத்தது. பாப்பா வைத்திருந்தது அவள் சிறுவயதில் வரைந்த மாதிரியே ஒரு வீடு, புகைபோக்கியோடு. வயது முப்பது ஆகிறது. கீழே, 'அப்பா, இங்க உங்க ரூம்' என்று அம்புக்குறி.

சோதனை முடிவுகள். கைகழுவும் தொட்டி: திருப்தி. அடுப்பு: திருப்தி. கண்ணாடி: கோடு விழுகிறது, காய்ந்த துணியால் மறுபடி துடைக்கவேண்டும். தரை: எதிர்பார்த்ததைவிட நன்று. இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அறிக்கை அறிக்கைதான்.

சோதிக்கப் பால் பாத்திரம் ஒன்றும் கிடைத்தது. நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பால் சுண்டி, தீய்ந்து, புகைந்து, டீச்சர் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. "சார், நீங்க உள்ளதானே இருக்கீங்க?" என்றார். வேறெங்கே இருப்பேன்? அடி கருகிய அந்தப் பாத்திரத்தில் சோடாவைக் குழைத்துப் பூசி ஊறவைத்தேன். கருகல் உரிந்து வந்தது. சோடாவைப் பற்றி முன்பு எழுதியதில் கொஞ்சம் திருத்திக்கொள்ளவும்.

முக்கியமான குறை ஒன்று. எலுமிச்சை வாசனை மிகவும் தூக்கல். மூடியைத் திறந்ததும் அறையே நிறைந்துவிட்டது. டாக்டர் வாசனை கூடாது என்று சொன்ன பிறகும் இப்படியா? பாப்பாவுக்கு ஆகாது. கால் பங்காகக் குறைக்கவும்.

இப்படிக்கு,
மாமனார்

•

மார்ச் 24

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை வேடிக்கையாக ஒரு தடவையும், வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு தடவையும் எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகவே எழுதுகிறேன்.

நான் அனுப்பிய பாட்டிலில் எலுமிச்சை இல்லை, மாமா.

டாக்டர் சொன்ன பிறகு செய்தது அது. மணமில்லாத சோப்பு, சோடா, வெந்நீர். வேறு எதுவும் கிடையாது. பழைய பாட்டிலிலேயே ஊற்றிவைத்தேன். அதில் 'எலுமிச்சை' என்று முன்பு ஒட்டிய சீட்டை உரிக்கவில்லை. உங்கள் மகள் அப்படியே கட்டி அனுப்பிவிட்டாள். நீங்கள் சீட்டைப் படித்திருக்கிறீர்கள்.

உங்கள் அறிக்கை வந்ததும் முதலில் சிரித்தேன். பிறகு உங்கள் முந்தைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். கேஸ். ரயில் பெட்டி. கண் எரிகிறது என்ற ஊழியர்கள். இப்போது பால். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று பாத்ரூமில் நீங்கள் ஏன் அவ்வளவு ஊற்றினீர்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. 'அலட்சியம்' என்று மனதுக்குள் மதிப்பீடு எழுதி முடித்துவைத்திருந்தேன். வாசனை வரட்டும் என்று ஊற்றியிருக்கிறீர்கள். அது உங்கள் மூக்குக்கு வரவேயில்லை. மதிப்பீட்டைத் திரும்பப் பெறுகிறேன். அன்று பேசியதற்கு மன்னிப்பும் கேட்கிறேன். இந்த முறை வேடிக்கை கலக்காமல்.

உங்கள் மகளிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். சமையல் முடிந்ததும் சிலிண்டரையே மூடிவிடுங்கள். தனியாக இருக்கிறீர்கள்.

உங்கள் மருமகன்

•

ஏப்ரல் 14

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் வரவில்லை. நேற்று போனில் உங்கள் மகளிடம் வெயில் பரவாயில்லை என்றீர்கள். இங்கே தார் உருகுகிறது.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம், 'எனக்குத் தெரிந்த ஒருவர்' என்று ஆரம்பித்தேன். அவர், "உங்களுக்கா?" என்றார். "இல்லை, மாமனாருக்கு." அதற்குப் பிறகும் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களை நேரில் பார்க்கவேண்டும் என்றார். அதுவரை ஒரு பயிற்சி சொன்னார். தினம் காலையும் மாலையும் நான்கு வாசனைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து, அது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கவேண்டுமாம். எல்லோருக்கும் திரும்பும் என்று உறுதி கிடையாது. பலருக்கு மெல்ல மெல்லக் கொஞ்சம் திரும்புகிறதாம்.

நம் வீட்டில் நறுமண எண்ணெய் வாங்கிய உற்சாகத்துக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மகளுக்கு ஆகாதென்று கட்டிவைத்தவை அலமாரியில் சும்மா கிடக்கின்றன. எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், ரோஜா நான்கையும் அனுப்புகிறேன். சீட்டுகளை இம்முறை சரிபார்த்தே ஒட்டினேன். வீட்டைச் சுத்தம் செய்ய வாங்கியவை, கடைசியில் வேறு வேலைக்காவது ஆகட்டும்.

டீச்சருக்கு நான் எதுவும் எழுதவில்லை. உங்கள் அனுமதியில்லாமல் எழுதமாட்டேன். ஒரு வரி போடுங்கள்.

உங்கள் மருமகன்

•

ஏப்ரல் 29

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பொருள்: இல்லை.

தங்கள் இரு கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதத்துக்கு உடனே ஒரு பதில் எழுதினேன். அதில் தங்களைப் பற்றிச் சில சொற்கள் இருந்தன. தபால்பெட்டி வரை போய்த் திரும்பிவந்தேன்.

பிறகு டீச்சரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "எங்க வீட்ல இப்ப ஏதாவது வாசனை வருதா டீச்சர்?" அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், உங்களுக்கு மூக்கு வேலை செய்யலைன்னு தெருவுக்கே தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. பினாயில் பாட்டில் ஒடைஞ்ச மாதிரியே வருஷக்கணக்கா இருக்கு உங்க வீடு. நாங்க யாரும் ஜன்னல் திறக்கிறதில்ல." இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க எங்க வீட்டையும் வந்து கழுவிட்டுப் போவீங்களோன்னு பயம்" என்றார்.

கேஸ் அடுப்பை மூட்டை கட்டிவிட்டேன். மின்சார அடுப்பு வாங்கியாகிவிட்டது. பாப்பாவிடம் 'புது மாடல்' என்று சொன்னேன்.

பயிற்சி நடக்கிறது. டீச்சர் மேற்பார்வை. சீட்டுகளை மறைத்து, பாட்டில்களை இடம் மாற்றி வைக்கிறார். சீட்டைப் படித்து விடை எழுதுகிறவன் என்று என்னைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், நான்தான். எலுமிச்சை: ஒன்றுமில்லை. ரோஜா: ஒன்றுமில்லை. யூகலிப்டஸ்: மூக்கில் குளிர்ச்சி தெரிகிறது, அது வாசனை ஆகாது என்கிறார். கிராம்பு: நேற்று ஒரு சந்தேகம். "சந்தேகத்துக்கு மார்க் கிடையாது" என்றுவிட்டார்.

இனி எழுதுவதைத் தாங்கள் மட்டும் படிக்கவும்.

அன்று பாத்ரூம் வாசலில் பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. 'என்னம்மா, ஒண்ணுமே வாசனை இல்லையே' என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன். இப்போது பிள்ளை வரப்போகிறது. பால் தீய்ந்தால் தெரியாது. கேஸ் தெரியாது. துணி நனைந்திருந்தால்கூடத் தெரியாது. பிள்ளை இருக்கும் வீட்டில் மூக்கில்லாத ஒருவனை எதற்கு வைத்துக்கொள்வது? நான் வராமல் இருப்பது கோபத்தினால் அல்ல. முதலில் கோபம்தான். இப்போது அல்ல.

இப்படிக்கு,
மாமனார்

•

மே 9

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் மட்டும் படிக்கவும் என்று சொன்னதை நான் மட்டும்தான் படித்தேன். பிறகு கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டையைத் துவைக்கப் போட்டேன். துவைக்குமுன் பைகளைத் துழாவுவது உங்கள் வளர்ப்பு. அதற்கு நான் பொறுப்பல்ல.

உங்கள் மகள் ஈரக் கையோடு நின்று முழுவதும் படித்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் கோபம் வந்தது. உங்கள்மீதும் என்மீதும் சமமாக வந்தது, பாரபட்சம் இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"இதுக்கா ரெண்டு பேரும் மாசக்கணக்கா சோப்புத் தண்ணியப் பத்தி லெட்டர் எழுதிக்கிட்டு இருந்தீங்க? மூக்கு இல்லைன்னா என்ன இப்போ? புள்ளையத் தூக்க மூக்கா வேணும், கை வேணும். அப்பாவுக்குக் கை இருக்குல்ல? துணி நனைஞ்சிருக்கான்னு தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. பால் அடுப்புல இருந்தா பக்கத்துல நிக்கச் சொல்லுங்க. நான் மூச்சு விட முடியாத ஆளு, அவர் மோந்து பாக்க முடியாத ஆளு, நீங்க ஒரு பாட்டிலுக்கு ஒழுங்கா சீட்டு ஒட்டத் தெரியாத ஆளு. மூணு பேர் சேந்தா ஒரு முழு ஆள் தேறும். வரச் சொல்லுங்க."

இதில் நான் சேர்க்க அதிகம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த வீட்டில் இப்போது எதற்குமே வாசனை கிடையாது. சோப்பு இத்தனை கரண்டி, சோடா இத்தனை கரண்டி, அவ்வளவுதான். முகர்ந்து பார்த்து அளக்கிற வேலை எதுவும் இங்கே மீதமில்லை. மூக்கை நம்பாத மேற்பார்வையாளர் ஒருவர்தான் இதற்குப் பொருத்தம். நான் அந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். மார்பிள் மேடையைக் காட்டி நிராகரித்துவிட்டாள்.

சமையலறையிலும் உங்கள் அறையிலும் கேஸ் கசிந்தால் அலறும் கருவி மாட்டியிருக்கிறேன். நேற்று சோதித்தபோது மாடி வீட்டுக்காரர் மறுபடி இறங்கி வந்தார். இப்போதெல்லாம் செருப்புகூடப் போடாமல் வந்துவிடுகிறார்.

உங்கள் மருமகன்

•

மே 22

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பொருள்: வருகை – தொடர்பாக.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். நிலையத்துக்கு வரவேண்டியதில்லை. வந்தால் மறுப்பதற்கில்லை. மூக்கு டாக்டரிடம் நாள் வாங்கிவைக்கவும். தங்கள் மூக்கு அல்ல என்பதை நானே அவரிடம் விளக்குகிறேன்.

ஒரு பாட்டிலோடு வருகிறேன். பதற்றம் வேண்டாம். நானே செய்தது, தங்கள் செய்முறைதான், ஆனால் கரண்டியால் அளந்து, வடிகட்டி. மேலே சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'சோப்பு, சோடா, தண்ணீர். எலுமிச்சை இல்லை.' டீச்சர் சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். போன முறை அங்கிருந்து கொண்டுவந்த பிளீச் பாட்டிலை, எப்படிக் கொட்டவேண்டுமோ அப்படிக் கொட்டிவிட்டேன். டீச்சர் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது.

பாப்பாவிடம் சொல்லவும்: படத்தில் என் அறைக்கு ஜன்னல் போட மறந்துவிட்டாள்.

இன்று காலை பால் தீய்ந்துபோனது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஏதோ ஒரு மாதிரி இருந்தது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. யாரோ என்னை வெகுதூரத்திலிருந்து கூப்பிட்டதுபோல. எழுந்து சமையலறைக்குப் போனேன். பால் பொங்கி, ஓரம் கருகத் தொடங்கியிருந்தது. அடுப்பை அணைத்தேன். ஒருவேளை தற்செயலாகவும் இருக்கலாம். சந்தேகத்துக்கு மார்க் கிடையாது.

அதன் பிறகுதான் டீச்சர் வந்து கதவைத் தட்டினார். "தெரியும் டீச்சர்" என்றேன்.

இப்படிக்கு,
மாமா